மெதுவாகப் போக யாருக்கு முடியும்?

இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் கால்வாய்ப் படகு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். சுமார் ஏழடி அகலம்தான் படகு. மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் ஒருத்தர் நாயைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தால் படகை முந்திவிடுவார். இதற்குக் காசு வேறு கொடுக்கிறார்கள்!

சிரிக்காதீர்கள். நம்மிடமும் இது இருந்தது. மரக்காணத்தில் ஏறினால் படகிலேயே சென்னை, நெல்லூர் தாண்டிப் போகலாம். பக்கிங்காம் கால்வாய். பாரதிதாசன் அதில் படகேறிப் போய், 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையே எழுதினார். இன்று சென்னையில் அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தண்ணீரின் நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

'அவசர உலகம் சார், நிதானம்தான் சுகம்' என்கிறோம். சரி. ஆனால் நிதானம் என்பது குணமா, வசதியா?

கச்சிராயபாளையத்தில் நின்றுகொண்டு யோசித்துப் பாருங்கள். கண்ணெதிரே கல்வராயன் மலை. மேலே, ரோடு எட்டாத கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதுவும் நடை வேகம்தான். வழியெல்லாம் மரம், பறவை, குளிர்ந்த காற்று. படகில் போகிறவர் ரசிப்பதை டோலி தூக்குகிறவர் ஏன் ரசிப்பதில்லை? படகுக்காரர் நினைத்தால் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம். இவருக்கு அந்த 'நினைத்தால்' கிடையாது.

அந்தக் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877-ன் தொடக்கத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அரைக் கிலோகூட இல்லை! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் கூட்டினார்கள். அந்த வயிற்றோடு மண் கூடை சுமந்தவரும் மெதுவாகத்தான் நடந்திருப்பார். அதை யாரும் நிதானம் என்று புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

அதற்காகப் படகே வேண்டாம் என்கிறேனா? ஐயையோ, இல்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மரக்காணத்திலிருந்து அப்படிப் போக எனக்கும் கொள்ளை ஆசை. கால்வாயைச் சுத்தம் பண்ணிப் படகு விட்டால் முதல் டிக்கெட் எனக்குத்தான். ஆனால், மலைக்கு ரோடு என்றதும், 'எதுக்குங்க, அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டுமே' என்று டவுனில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சொல்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. காட்டுக்கு என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. டோலி தூக்கியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்போம்.