வினவாத மாணாக்கன்

கற்பிப்பவன் கடமை, தான் அறிந்ததைச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. கேட்பவன் அறியாதது எது என்பதனை முன்னரே உணர்ந்து சொல்வதே அக்கடமையின் கடினமான பகுதியாகும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பலமுறை சொல்லப்பட்ட இவ்வுண்மையை நான் பட்டுணர்ந்தது ஒரு சிறுவனின் கண்ணீரால்தான்.

பல்லாண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இரண்டு நாள் விடுப்பில் செல்ல நேர்ந்தபோது, எனக்கு மாற்றாக வரவிருந்த ஆசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். "வழக்கம்போல் ஒவ்வொருவரும் ஒரு பத்தி உரக்க வாசிக்க வேண்டும்" என்பது அதில் ஒரு வரி. வகுப்பில் திக்குவாய் உடைய மாணவன் ஒருவன் இருந்தான். அவனை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லாமல், இடைவேளையில் தனியே வாசிக்கச் செய்வதே என் வழக்கம். அவ்வழக்கம் என் நெஞ்சில் இருந்ததேயன்றித் தாளில் இல்லை. ஆசிரியை குறிப்பின்படியே நடந்தார். வகுப்பு சிரித்தது. மூன்று நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. தவறு யாருடையது? குறிப்பைப் பின்பற்றியவருடையதன்று, சொல்லாமல் விட்ட என்னுடையது.

அண்மையில், கணினித் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரைச் சிராங்கூன் சாலை உணவகமொன்றில் சந்தித்தேன். "இப்பொழுது என்ன வேலை, தம்பி?" என்றேன். "நிரல்களில் தேடித் தரும் கருவி ஒன்றுக்கு விளக்கம் எழுதுகிறேன் ஐயா. படிக்கப்போவது மனிதரல்லர், செயற்கை நுண்ணறிவு முகவர்" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. பெரிய மென்பொருளில் பல இலட்சம் நிரல் வரிகள் இருக்கும். ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது, எங்கெங்கே பயன்படுகிறது என்று தேடித் தருவது அக்கருவியின் வேலை. இட்ட பணியைத் தானே படிப்படியாகச் செய்யும் முகவர், கருவிக்கென எழுதப்பட்ட சில வரி விளக்கத்தைப் படித்தே, அதனை எப்போது அழைப்பது, வரும் விடையை எவ்வாறு பொருள்கொள்வது என்று முடிவு செய்கிறது. தேடியது கிடைக்காதபோது வெறுமையான விடை வரும். அது "எங்கும் இல்லை" என்று பொருள்படலாம். "நான் அந்தப் பகுதியில் தேடவில்லை" என்றும் பொருள்படலாம். இவ்வேறுபாட்டை விளக்கம் சொல்லாவிடின், முகவர் பல வேளைகளில் வினவாமல் தானே ஊகித்து, பயனில் உள்ள ஒரு பகுதியைப் பயனற்றதென நீக்கிவிடக்கூடும்.

உயிரற்ற ஒன்றிடம் உண்மையும் நிறைவும் காட்ட வேண்டிய அறக்கடமை நமக்கு உண்டோ என்று சிலர் கேட்கலாம். இயந்திரத்தின் மனம் புண்படாது. அதற்கு அநீதி இழைத்தவராகவும் நாம் ஆகமாட்டோம் என்பர். இக்கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், என் குறிப்பைப் படித்தவர் ஆசிரியை, துன்புற்றவனோ சிறுவன். எழுத்தின் விளைவு படிப்பவரோடு நின்றுவிடுவதில்லை. நீக்கப்பட்ட அப்பகுதி ஒரு மருத்துவமனையின் மருந்துப் பட்டியலைக் காப்பதாக இருந்தால்? இயந்திரத்தின் வழியே மனிதரைச் சென்றடையும் சொல்லுக்கு, மனிதரிடம் நேரே சொல்லும் சொல்லுக்குரிய பொறுப்பே உண்டு.

இயந்திரத்தின் அறிவு வளர வளர இக்கவலை தீரும் என்பது இன்னொரு வாதம். எழுதப்பட்டதைச் சரிபார்க்க அது வல்லதாகலாம். எவருடைய தாளிலும் இல்லாத வழக்கத்தை எங்ஙனம் அறியும்?

இவ்வகையில் சிங்கப்பூர்த் தமிழர்க்கு முன்னனுபவம் உண்டு. 1990களில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. ஒன்றில் எழுதிய மடல் மற்றொன்றில் பொருளற்ற கீறல்களாகத் தோன்றியது. 1995 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழில் இணையத்தில் ஏற்ற உழைத்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். 1997 இல் இங்கு நடைபெற்ற தமிழிணைய மாநாட்டுக்கு முன்னின்ற அவர், 1999 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இதே நகரில் உத்தமம் அமைப்பு தோன்றியது. அவர்கள் நாடியவற்றுள் தலையாயது, எல்லாரும் ஒப்பிய ஒரு குறியீட்டு அட்டவணை. இன்று யூனிகோடு அட்டவணையில் 2965 என்னும் எண் 'க' என்னும் எழுத்தைக் குறிக்கிறது என்பது எழுதிவைக்கப்பட்டுள்ளதால்தான், இங்கு எழுதுவது யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பிழையின்றித் தோன்றுகிறது.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூலார் தொகுத்துரைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றுமே கருவி விளக்கத்துக்கும் பொருந்துவன. குறைத்தால் முகவர் ஊகிக்கிறது. மிகைப்படுத்தினால் இன்றியமையாத வரி கூட்டத்துள் மறைகிறது. மயங்க எழுதினால் தவறான கருவியை எடுக்கிறது. தம் கருவியின் பெருமையை எழுதுவது எளிது. அது எங்கே தவறும் என்பதை எழுதவே நேர்மை வேண்டும்.

திக்குவாய்ச் சிறுவனின் கதையை அம்மாணவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் தம் கணினியைத் திறந்து, "வெறுமையான விடை வந்தால் இல்லையென்று முடிவுசெய்யாதே, இக்கருவி தேடாத பகுதிகள் இவை" என்று தொடங்கிப் பட்டியலிட்டார்.

அன்று என் குறிப்பிலும் அத்தகைய ஒரு வரி இருந்திருக்கலாம்.