கவர்ந்த பொருளும் காத்த கையும்

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், வெல்ஷ்பூல் என்னும் சிற்றூரை அடுத்த குன்றின்மேல் செந்நிறக் கற்களாலான பழம்பெரும் மாளிகை ஒன்று நிற்கின்றது. போவிஸ் கோட்டை என்பது அதன் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் குறுநில மன்னர்கள் எழுப்பியது. 1587இல் ஹெர்பர்ட் குடும்பத்தார் விலைக்கு வாங்கியது. 1952இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது முதல் வகுப்பைச் சேர்ந்தது. உரிய அனுமதியின்றி அதன் ஒரு சாளரத்தை மாற்றவும் எவருக்கும் உரிமையில்லை.

அம்மாளிகைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். அங்கே ஒரு கூடாரம் இருக்கின்றது. வெண்ணிறப் பருத்தித் துணியில் பூச்சாடிகள் தீட்டப்பெற்ற அக்கூடாரம் ஷஹீத் திப்பு சுல்தானுடையது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அரண்மனைப் பொருள்களை வென்றவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். அப்போது சென்னையின் ஆளுநர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மைந்தர். அவர் மனைவி ஹென்றியெட்டா ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண். அம்மையாரின் உடன்பிறந்தார் 1801இல் மறைந்தபின் மாளிகை அவர் மகனுக்கு உரிமையாயிற்று. கடனிலும் சிதைவிலும் கிடந்த அதனை நிமிர்த்தியது கிளைவ் குடும்பத்துச் செல்வம். ஆகவே கூடாரம் மட்டுமன்று, அதற்கு நிழல் தரும் கூரையும் நம் மண்ணின் பொருளால் செப்பனிடப்பட்டதே.

“எடுத்துச் செல்லாதிருந்தால் செல்லரித்துப் போயிருக்குமே, காத்தவர்களுக்கு நன்றி கூற வேண்டாமா?” என்று நல்ல மனத்தர் சிலர் கேட்கின்றனர். இதனை எளிதில் ஒதுக்கிவிட நமக்கு நா எழவில்லை. நம் முன்னோர் எழுதிவைத்த அறபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனை, நம் வீட்டுப் பரண்களிலேயே கறையானுக்கு இரையாயின!

எனினும், பிக்ஹு நூல்களில் ‘கஸ்பு’ என்றொரு பாடம் உண்டு. பிறர் பொருளைப் பறித்தல் பற்றியது. பறித்தவன் அப்பொருளை எவ்வளவு பேணினாலும் அதனைத் திருப்பித் தரும் கடமை நீங்குவதில்லை. பேணிய செலவை உடையவனிடம் கேட்கவும் அவனுக்கு உரிமையில்லை. பறித்த நிலத்தில் தொழுதால் தொழுகை நிறைவேறிவிடும், பாவம் நீங்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. நற்செயல் நற்செயலாகவே நிற்கின்றது. குற்றமும் குற்றமாகவே நிற்கின்றது. ஒன்று மற்றொன்றைக் கழுவுவதில்லை.

நேஷனல் டிரஸ்ட் தன்னிடம் வந்த சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாததென அறிவிக்க, 1907ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இது நம் வக்பைப் பெரிதும் ஒத்தது. ஆனால் வக்பு செய்பவன் அப்பொருளின் உண்மையான உரிமையாளனாக இருத்தல் வேண்டும் என்பதே நம் நூல்களின் முதல் நிபந்தனை.

போரில் கிடைத்ததைப் பங்கிடுவது அக்காலத்து வழக்கம், நம் அரசர்களும் அதனைச் செய்தனரே எனலாம். உண்மைதான், மறுக்க மாட்டோம். ஆயினும், வணிகம் செய்ய வந்த கும்பெனியின் ஊழியர் 1757இல் பிளாசிக்குப் பின் குவித்த செல்வத்தை அந்த ஒரு சொல்லால் மூடிவிட முடியுமா?

திருப்பித் தருவதென்றால் யாரிடம்? சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலையில் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். வாரிசுரிமை இன்று எத்தனை பங்காகப் பிரிந்திருக்குமோ! உடையவர் அறியப்படாத பொருள் பொதுநலனுக்குச் சேரும் என்பர் இமாம்கள். அப்போதும், வைத்திருப்பவன் உடையவனாகிவிடுவதில்லை.

2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆதிக்கத்தோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்பை ஓர் அறிக்கையில் வெளியிட்டது. போவிஸும் அதில் உண்டு. அந்நாட்டில் பலர் சினந்தனர். நாம் அதனை இக்ராராகவே கொள்கின்றோம். பற்றை ஒப்புக்கொள்வது கடனைத் தீர்த்ததாகாது, ஆனால் ஒப்புக்கொள்ளாதவனிடம் வழக்கே தொடங்குவதில்லை. சாளரத்தைக் காக்கும் அந்தப் பட்டியலோ கட்டடத்தையும் அதில் பதிந்தவற்றையும் மட்டுமே குறிக்கின்றது. சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க கூடாரத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.