கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால்?



மலையில் வேலை செய்யும் குடும்பங்களை ஞாயிறு ஆராதனைக்கு அழைத்துவர ஒரு ஜீப் வேண்டும் என்று நாம் உபவாசித்து ஜெபித்ததும், காணிக்கை சேர்த்து 1,85,000 ரூபாய்க்கு ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். பிரதிஷ்டை ஜெபத்தன்று பச்சைப் பெயிண்ட் பளபளவென்று மின்னியது. பழசு மாதிரியே தெரியலையே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்த ஜீப் எட்டு வாரமாகச் சபைப் பக்கம் வரவில்லை. கேட்டவர்களிடம் "டயர் வேலை இருக்கு" என்றேன். இந்த மாதத்திற்கு வேறொரு செய்தி எழுதி வைத்திருந்தேன், ஆவியானவர் விடவில்லை.

நடந்தது இதுதான். முன்பக்க இடது டயர் உள்பக்கமாக மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. குரங்கணி ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. போடியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி ஒரு காந்தத் துண்டை மட்கார்டில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. "இரும்புன்னா பிடிக்கும் பாஸ்டரய்யா. இது உள்ள பூரா பட்டி" என்றார். பிறகு அடியில் படுத்து, சேசிஸில் புதிதாக அடித்திருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். வெல்டிங் தழும்பு தெரிந்தது. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவேண்டுமாம். ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். "பெரிய அடி வாங்குன வண்டிங்கய்யா. டவுனுக்குள்ள ஓடும். மலையில ஆள ஏத்திக்கிட்டு, வளைவுல பிரேக் போடுறப்ப வெல்டு விட்டுச்சுன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளில் நம் சகோதரிகள் எப்படி நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

விற்றவரிடம் போனேன். "நீங்க கேக்கலையே" என்றார். வாஸ்தவம். ஆர்.சி. புக் பார்த்தோம், எஃப்.சி. பார்த்தோம், மைலேஜ் கேட்டோம். அடிபட்ட வண்டியா என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசுவா 9-ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் தங்கள் சாமான்களைப் பழசாகக் காட்டி ஏமாற்றினார்கள். இங்கே பழசைப் புதுசாகக் காட்டினார்கள். கர்த்தரிடத்தில் விசாரிக்காமல் கையால் தொட்டுப் பார்த்து ஏமாந்த மூப்பர்மார் மாத்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பிறகு புரோக்கர் ஒருவர் வந்தார். "நீங்களும் வித்துடுங்க பாஸ்டர். கேட்டா சொல்லுங்க, கேக்கலைன்னா விட்டுடுங்க. பொய் சொல்ல வேண்டியதே இல்லையே." இரண்டு ராத்திரி அது எனக்கு ஞானமாகவே பட்டது. சபைப் பணத்தை நஷ்டப்படுத்தலாமா என்று மனசு வாதாடியது. கேள்வி கேட்காத ஒரு ஆளைக் கர்த்தர் அனுப்பவேண்டும் என்று ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டேன். பாதி ஜெபத்தில்தான் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

சும்மா இருப்பது பொய்யாகுமா? வக்கீலாக இருக்கிற ஒரு சகோதரரிடம் கேட்டேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் காட்டினார். அதில் ஒரு குதிரை உதாரணம் இருக்கிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். (ஏலம் நமக்குப் புதுசா? சாம்பிள் தட்டில் சாயம் போட்ட காயும் பச்சையாய்த்தான் இருக்கும்.) ஆனால் அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்போது சொல்லியே ஆகவேண்டும், அது அவன் கடமை என்கிறது.

இதைப் படித்ததும் நான் அசந்துபோனேன். குதிரை அதேதான், நோயும் அதேதான். வாங்குகிறவர் யார் என்பது மட்டும் மாறுகிறது. லூக்கா 10-இல் நியாயசாஸ்திரி ஆண்டவரிடம் கேட்டதும் இதே கேள்விதானே? எனக்குப் பிறன் யார், எதுவரைக்கும் என்று அவன் எல்லைக்கல் தேடினான். ஆண்டவர் கல் நட்டுக் கொடுக்கவில்லை. வழியில் கிடந்த முன்பின் தெரியாதவனைக் காட்டினார். அப்படியானால் எனக்கு முதல் உதாரணம் என்று ஒன்று இல்லை. வருகிறவர் எல்லாரும் மகள்தான்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குகிறவன் சொல்லும்போது சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அங்கே நான் மாட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் நீங்கள் என் முகத்தைப் பார்த்து, பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டீர்கள். டயர் வேலை இருந்தது நிஜம். அந்தத் துண்டு நிஜத்தை நான் பட்டி மாதிரி பூசினேன். சாரமற்ற சாந்து பூசின சுவரைப் பற்றி எசேக்கியேல் 13-இல் கர்த்தர் யாரிடம் கோபப்பட்டார்? கொத்தனாரிடம் அல்ல, தீர்க்கதரிசிகளிடம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடைசியில் வாங்க ஒருவர் வந்தார். வெல்டிங்கைத் தொட்டுக் காட்டியே சொன்னேன். "பரவாயில்ல, 1,20,000-க்குத் தாங்க, ஆள் ஏத்தத்தானே, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் போனபின் மூப்பர்கள் கூடினோம். சொல்லியாயிற்று, இனி அவர் பொறுப்பு என்று ஒரு மூப்பர் சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, நானும் தலையாட்டினேன். வீட்டில் என் மனைவி, "ஏங்க, அவர்கிட்ட சொல்லிட்டீங்க. பின்னால ஏறி உட்காரப் போறவங்ககிட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். பிலாத்து கை கழுவின தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பணத்தை வாங்கவில்லை.

இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தனித்தனியாக விற்றதில் 71,000 ரூபாய் கிடைத்தது. சேசிஸை என் கண்முன்னே கேஸ் வைத்து இரண்டாக வெட்டினார்கள். ஆர்.சி.யை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தாயிற்று. நஷ்டம் 1,14,000 ரூபாய். கணக்கு ஆலய வாசலில் ஒட்டியிருக்கிறது. விற்றவரைப் பற்றிக் கடைத்தெருவில் யாரும் பேசவேண்டாம். அவரும் கேட்காமல் வாங்கியவராக இருக்கலாம். கொட்டக்குடி, குரங்கணிப் பக்கத்து விசுவாசிகளுக்கு அடுத்த ஏற்பாடு ஆகும்வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறு நாமே அங்கே போய் ஆராதிக்கிறோம். காலை 7 மணி பஸ்ஸுக்குப் போடி பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.