வெறும் பொதியும் நிறைந்த காணிக்கையும்



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு குடும்பத்தின் கறவைப் பசு தீனி எடுக்காமல் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கடனுக்கே சரி. பால் காசில்தான் பிள்ளைகளின் படிப்பு. "பசு பிழைத்தால் வெள்ளியில் உரு செய்து அந்தோனியாருக்கு வைக்கிறேன்" என்று தாய் நேருகிறாள். "கடவுளுக்கு வெள்ளிப் பசு எதற்கம்மா?" என்று படித்த மகன் கேட்கிறான். யார் சொல்வது சரி?

இது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. நம் முன்னோர் பலர் விட்டு வந்த புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனார் கோயில்களின் முன் மண் குதிரைகள் வரிசையாய் நிற்கின்றன. வேளார் வனைய, ஊரார் சுமந்து வந்து வைத்த நேர்த்திகள் அவை. 2,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தியரும் பாஸ்டெட் தேவதைக்கு வெண்கலப் பூனையையும், தோத் தேவனுக்கு அரிவாள்மூக்கன் பறவையின் உருவையும் படைத்தனர். பதப்படுத்திய விலங்குகளைத் துணியில் சுற்றிப் பொதியாகவும் படைத்தனர்.

மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இத்தகைய பொதிகளில் 800க்கு மேற்பட்டவற்றைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் விலங்கின் உடலே இல்லை. சேறும் குச்சியும் நாணலும் முட்டையோடுமே இருந்தன என்று 2015இல் அறிவித்தார்கள். விலங்கோடு சேர்ந்திருந்த பொருளும் புனிதமாகக் கருதப்பட்டிருக்கலாம். ஆகவே இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் கருத்து.

எப்படியாயினும், அதை வாங்கி வைத்த ஏழை உள்ளே பார்த்தவனல்லன். தன் கலக்கத்தையும் நன்றியையுமே அவன் வைத்தான். பொதி வெறுமையாயிருக்கலாம், அவன் கொடை வெறுமையன்று. ஆகவே மகனே, தாயின் நேர்த்தியை நகையாடாதே.

ஆனால், கொடுப்பவரே அறிந்து வைக்கும் வெறும் பொதியும் உண்டு. மிருக வைத்தியருக்கு ஆகவேண்டிய காசை வெள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் பசுவைச் சாகவிடுவது அத்தகையது. அடுத்த காம்பராவில் வாங்கிய கடனைத் தீர்க்காமல் உரு வைப்பதும் அத்தகையதே. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றல்லவா ஆண்டவர் போதித்தார்? மோசே செய்த வெண்கலப் பாம்பையும், மக்கள் அதற்கே தூபம் காட்டியபோது எசேக்கியா அரசன் உடைத்தெறிந்தான். உரு ஓர் அடையாளம். நம் கடமைக்கு அது ஈடாகாது.

தாய் நேரட்டும்; மகன் வைத்தியரை அழைத்து வரட்டும். பசு பிழைத்தால் இருவருமாய்ப் போய் உருவை வைக்கட்டும். பிழைக்காவிட்டாலும், அந்த வீட்டில் யாரும் வெறும் பொதியை வைக்கவில்லை.

அடுத்த திருநாளுக்கு நீங்கள் கொண்டுபோகும் காணிக்கைக்குள் என்ன இருக்கிறது?