பல்லடம் ரோட்டில் ஒரு வண்டி வீடு



போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். அமெரிக்காவில் ஒரு குடும்பம், இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பெரிய வேன் ஒன்றில் குடியேறி ஊர் ஊராகச் சுற்றுகிறது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. பிள்ளைகளுக்குப் பாடமும் அங்கேதான். மலையைக் கண்டால் புவியியல், டீசல் போட்டால் கணக்கு. "கொடுத்து வச்ச பிள்ளைங்க" என்றாள் மருமகள்.

அன்றைக்குச் சாயங்காலமே தோட்டத்துக்கு ஒரு கொடுவாள் வாங்கலாம் என்று மூன்று பேரும் திருப்பூர் பல்லடம் ரோட்டுக்குப் போனோம். வேப்பமரத்தடியில் ஒரு பழைய சரக்கு வண்டி. மேலே தார்ப்பாய், உள்ளே பாய், பாத்திரம், துணி மூட்டை. பக்கத்தில் மண்ணில் குழி தோண்டிக் கரி போட்ட உலை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வீட்டுக்காரர் இடுக்கியால் பிடிக்க, அந்தம்மா சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். நம்ம பக்கம் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். உலைக்குக் காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு பெண் குழந்தை, பத்து வயது இருக்கும்.

"பாவம், படிக்கிற வயசுல ரோட்டுல அலைய விட்டிருக்காங்களே" என்றாள் மருமகள். காலையில் கொடுத்து வைத்த பிள்ளைகள், சாயங்காலம் பாவம். இரண்டும் வண்டி வீடுதான், குளியலறை ஒன்றுதான் குறை.

இப்படி வண்டியையே வீடாகக் கொண்ட காடியா லோஹார் என்றொரு கொல்லர் சமூகம் ராஜஸ்தானில் உண்டு. 1568இல் சித்தோர்கர் கோட்டை அக்பர் படையிடம் விழுந்தபோது, அது மீளும்வரை வீடு கட்டிக் குடியிருப்பதில்லை என்று சபதம் செய்து மாட்டுவண்டியில் ஏறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1955இல் நேருவே போய் அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். அப்புறமும் பலருக்கு வண்டிதான் வீடு. இந்தக் குடும்பம் அந்த வழியா என்று நான் துருவிக் கேட்கவில்லை. ஊர் மத்தியப் பிரதேசம் என்றார்கள்.

வியாபாரம் பேசியது அந்தக் குழந்தைதான். "தென்னைக்குங்களா, ஆட்டுக்குத் தழை வெட்டவுங்களா?" என்று கேட்டாள். அந்தக் கொங்கு 'ங்க'வை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? தராசில் கொடுவாளை வைத்தாள். "ஒரு கிலோ முந்நூறு கிராமுங்க. கிலோ நானூறு. ஐந்நூத்தி இருபது ஆச்சுங்க." என் பேத்தி அப்போதுதான் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்துகொண்டிருந்தாள்.

முனை தீட்டுவதற்கு முன் அந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்தார்கள். "வாய்ப்பக்கம் மட்டும்தான் நனையணும், முழுசா விட்டா ஒடைஞ்சு போகும்" என்று பேத்திக்கு அந்தக் குழந்தையின் விளக்கம் வேறு.

பணத்தைக் கைபேசியிலேயே அனுப்பினோம். வண்டியில் தொங்கிய அட்டையைப் பேத்தி ஸ்கேன் செய்ததும், திரையை எட்டிப் பார்த்து அந்தக் குழந்தை சொன்னாள்: "அப்பா பேரு வந்திருக்குதான்னு படிச்சுச் சொல்லுங்கக்கா."

கணக்கு வருகிறது, நம்ம பாஷை பேச வருகிறது, இரும்பின் குணம் தெரிகிறது. அப்பா பெயரை வாசிக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் பற்றித் தகப்பனாரிடம் கேட்டேன். "ஒரு ஊர்ல ரெண்டு மாசம் இருப்போம். யாருங்க சேத்துக்குவாங்க?" என்றார்.

சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். கிளம்பும்போது மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானால்கூட அடுத்த பள்ளி கதவைச் சாத்தக் கூடாது. அலைகிற குடும்பத்துக்கென்றே யோசித்து எழுதியது போலிருக்கிறது. ஆனால் அதை அந்த வண்டிவரை போய்ச் சொல்ல ஆளில்லை. அலைகிறவர்கள் என்று அவர்களைக் குறை சொல்வதுதான் நமக்குச் சுலபமாக வருகிறது. இதைத் திருப்பூர்க்காரர் சொல்லலாமா? நம்மில் பாதிப் பேர் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெட்டியோடு வந்து பனியன் கம்பெனி வாசலில் நின்றவர்கள்தானே!

புதன்கிழமை பக்கத்து ஒன்றியப் பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க, ஆதார் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியை. தகப்பனார்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பகலில் உலைச் சக்கரத்தை யார் சுற்றுவது என்பது அவருடைய கேள்வி. அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. நாளைக்கு மறுபடியும் போய்ப் பேசப்போகிறேன்.