வக்தும் கருவியும்

தொழுகைக்கு வக்து, அதாவது குறித்த நேரம், உண்டு. தவறினால் அது களாவாகிறது. நிகழ்நேர இயங்குதளத்திலும் சரியான விடை பிந்தி வந்தால் பிழையே. ஆனால் களாவைத் தொழுது நிறைவேற்றலாம். தவறிய கெடுவை இயந்திரத்தால் மீட்க முடியாது.

2003 அளவில் ரிச்சர்ட் பாரி உருவாக்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம், சிறிய மின்னணுப் பலகையில் பணிகளை முன்னுரிமைப்படி ஓட்டுகிறது. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊரின் பள்ளிவாசல் மணிக்கூட்டை இத்தகைய பலகையில் அமைக்கலாம். குவாட்ஸ் படிகத்தின் துடிப்பை எண்ணி, பெரும்பாலும் மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இயங்குதளம் விழிக்கிறது. அப்போது திரையை மாற்றும் பணி காத்திருக்க, வக்தை அறிவிக்கும் பணி முந்துகிறது.

மன்னார்த் தீவு, இலங்கை நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகைக் கோட்டுக்கு மேற்கே கிடக்கிறது. ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.10 அளவில். ஷாஃபிஈ மத்ஹபில், உச்சிநிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு நீண்டதும் அஸர் தொடங்குகிறது. இவை கணக்கு, பலகை செய்துவிடும்.

பாங்கு கணக்கல்ல, இபாதத். அது அறிவுள்ள மனிதர் வாயால் எழவேண்டும், ஒலிப்பதிவு அதற்கு ஈடாகாது என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. கருவி வக்தைக் காட்டட்டும்; பாங்கை மோதினாரே சொல்லவேண்டும்.