தொட்டிலும் துலாக்கோலும்

வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. பேணி வளர்க்க ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுத்தாக வேண்டும். யார் எடுப்பது? தாயா, தந்தையா?

பழைய உலகம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பெண்ணாகப் பிறந்தவளின் கடமை என்று சாத்திரம் சொல்லிற்று. கேள்வி பிறக்குமுன்பே விடை பிறந்துவிட்டது. புதிய உலகம் சாத்திரத்தை நம்புவதில்லை; சம்பளப் பட்டியலை நம்புகிறது. "யாருக்கு ஊதியம் குறைவோ அவர் வீட்டில் இருக்கட்டும், இழப்பு குறையும்" என்கிறது. கேட்பதற்கு இனிய நீதி! ஆணென்றும் பெண்ணென்றும் பாராத நீதி! துலாக்கோலின் முள்ளுக்கு மீசையும் இல்லை, கூந்தலும் இல்லை அன்றோ?

அந்தத் துலாக்கோலையே கையில் ஏந்தி, கணவனைவிட மனைவி மிகுதியாக ஈட்டும் ஒரு வீட்டுக்குள் நுழைவோம். முள் எந்தப் பக்கம் சாய்கிறது? தாய் பணிக்குச் செல்க, தந்தை தொட்டிலருகே அமர்க என்று சாய்கிறது. உடனே பாருங்கள், நேற்றுவரை கணக்குப் பேசிய நாவுகள் இன்று கவிதை பேசத் தொடங்குகின்றன! "தாய்ப்பாசம் என்னாவது? ஆண்மகன் தாலாட்டுவதா? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்கின்றன. கணவன் மிகுதியாக ஈட்டியபோது கணக்கு. மனைவி மிகுதியாக ஈட்டும்போது இயற்கை! தனக்கு ஆதாயம் தரும் நாளில் மட்டும் ஒருவன் ஒப்புக்கொள்ளும் கணக்கு, கணக்கு அன்று. கணக்கனின் உடையை அணிந்துவந்த பழைய வழக்கமே அது.

இது வெறும் கற்பனை வாதமன்று. இங்கிலாந்தில் இந்தக் கேள்வி சட்டமாகவே வந்து நிற்கிறது. 2015 ஏப்ரல் 5 முதல் பிறக்கவிருந்த குழந்தைகளின் பெற்றோருக்கென அங்கே 'பெற்றோர் பகிர்வு விடுப்பு' என்ற முறை நடைமுறைக்கு வந்தது. தாய்க்கு உரிய 52 வாரப் பேறுகால விடுப்பில், பிள்ளை பெற்றபின் முதல் இரண்டு வாரம் அவள் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். தொழிற்சாலையில் பணிபுரிபவளாயின் நான்கு வாரம். அந்த இரண்டு வாரம் போக எஞ்சிய 50 வாரத்தைத் தாயும் தந்தையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம். அவற்றுள் 37 வாரத்துக்குச் சட்டப்படி பணமும் உண்டு. ஒருவர்பின் ஒருவராகவும் எடுக்கலாம். இருவரும் ஒருசேரவும் எடுக்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆயினும் அதைப் பயன்படுத்திய தந்தையர் மிகச் சிலரே. ஏன்? கணக்கைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். தாய்க்கு முதல் ஆறு வாரம் அவளது சராசரி ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிடைக்கிறது. பிறகு கிடைப்பது ஒரே அளவான சிறு தொகை. 2025-26 நிதியாண்டில் அது வாரத்துக்கு 187 பவுண்டு. பகிர்வு விடுப்பில் செல்லும் தந்தைக்கோ தொடக்கத்திலிருந்தே அந்தச் சிறு தொகைதான்.

ஓர் எடுத்துக்காட்டு. மனைவியின் வார ஊதியம் 800 பவுண்டு, கணவனுடையது 500 என்று கொள்வோம். சிறு தொகை கிடைக்கும் வாரங்களில் மனைவி வீட்டிலிருந்தால் குடும்பத்துக்கு வருவது 687. கணவன் வீட்டிலிருந்தால் வருவது 987. வாரத்துக்கு 300 பவுண்டு வேறுபாடு. பன்னிரண்டு வாரத்தில் 3,600! வீட்டு வாடகையும் விளக்குக்குரிய கட்டணமும் கேட்கின்ற வேளையில் இதனைச் சிறு தொகை என்று எவரும் தள்ளிவிட இயலாது. முதல் ஆறு வாரம் தாய், பின்னர் தந்தை என்று முடிவு செய்வதே ஆதாயம்.

ஆனால் சில நிறுவனங்கள் பேறுகால விடுப்பில் உள்ள தாய்க்குச் சட்டம் சொல்வதைவிட மிகுதியாகத் தருகின்றன. பகிர்வு விடுப்பில் செல்லும் தந்தைக்குத் தருவதில்லை. இது ஆணுக்கு இழைக்கப்படும் பாகுபாடு என்று வழக்குகள் எழுந்தபோது, சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடு அன்று என 2019-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் மனைவி பணிபுரிந்தால் முள் மறுபடியும் அவள் பக்கமே சாயும்!

இதிலிருந்து நாம் அறிவது யாது? துலாக்கோல் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. எடைக்கல்லைச் செய்தவன் மனிதன். எடைக்கல்லை மாற்றினால் விடையும் மாறும்.

சுவீடன் நாட்டைப் பாருங்கள். தாய்க்கு மட்டும் என்றிருந்த விடுப்பை 1974-லேயே பெற்றோர் இருவருக்குமானதாக மாற்றிய நாடு அது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள். அவற்றுள் 390 நாளுக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஊதியத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது கிடைக்கிறது. முன்சொன்ன தம்பதியரை அந்த எண்பது விழுக்காட்டு முறையில் நிறுத்திப் பாருங்கள். மனைவி வீட்டிலிருந்தால் 1,140. கணவன் வீட்டிலிருந்தால் 1,200. முந்நூறாக இருந்த வேறுபாடு அறுபதாகச் சுருங்கிவிட்டது! அதே கணவன், அதே மனைவி, அதே குழந்தை. சட்டம் மட்டுமே வேறு.

அங்கும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. தன் பங்கு நாள்களைத் தாய்க்கு விட்டுக்கொடுக்கலாம் என்றிருந்த காலத்தில், தந்தையர் தாராளமாக விட்டுக்கொடுத்தனர். கொடைவள்ளல்கள்! ஆகவே 1995-ல் ஒரு மாதம், 2002-ல் இன்னொரு மாதம், 2016-ல் மூன்றாவது மாதம் என, விட்டுக்கொடுக்க இயலாத நாள்கள் இருவருக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. இன்று விடுப்பு நாள்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதைத் தந்தையர் எடுக்கின்றனர். அரை நூற்றாண்டு உழைத்தும் பாதியை எட்டவில்லை என்பது வழக்கத்தின் வலிமையைக் காட்டுகிறது; முப்பதை எட்டியது சட்டத்தின் வலிமையைக் காட்டுகிறது.

அப்படியானால் குறைவாக ஈட்டும் கணவன் முழு விடுப்பையும் எடுத்துக்கொள்ள, மனைவி ஆறே வாரத்தில் அலுவலகம் திரும்புவதுதான் சமத்துவமா? அன்று, தோழர்களே! அது பழைய அநீதியைத் திருப்பிப் போட்ட அநீதி. மிகுதியாக ஈட்டுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தியைத் தன் குழந்தையிடமிருந்து பிரிப்பது பரிசா, தண்டனையா? அவள் உடல் தேற வேண்டும். தாய்ப்பால் கொடுக்க விரும்பினால் அதற்கும் காலம் வேண்டும். ஊதியச் சீட்டு அவள் உடலுக்கு ஆணையிடலாகாது.

குறைவாக ஈட்டுபவரின் வேலை மலிவான வேலை என்ற எண்ணமும் தவறு. குழந்தை பிறக்கும்தோறும் ஊதியம் குறைந்தவரே விலகி நின்றால், பதவி உயர்வும் பட்டறிவும் அவருக்குத் தவறும். இன்றைய முந்நூறு நாளை ஐந்நூறாகும். பெண்ணினம் இத்தனை காலம் சுழன்ற செக்கு இதுவே. குறைவாக ஈட்டுவதால் அவள் நின்றாள். நின்றதால் குறைவாக ஈட்டினாள். அந்தச் செக்கில் ஆணைப் பூட்டுவது நம் நோக்கமன்று. செக்கை உடைப்பதே நோக்கம்.

"இயற்கை" என்று வாதிடுவோருக்கும் ஒரு சொல். கருவைச் சுமப்பது, ஈன்றெடுப்பது, பாலூட்டுவது இவை தாயின் உடலுக்கே உரியவை, மறுப்பார் இல்லை. ஆனால் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, நள்ளிரவில் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, அழுகையின் பொருளை அறிவது இவையெல்லாம் செய்து பழகுவதால் வரும் திறன்கள். முதற்பிள்ளையைக் கையில் ஏந்தும் நாளில் தாயும் புதியவளே. பழகும் வாய்ப்பு அவளுக்குத் தரப்படுகிறது, அவனுக்கு மறுக்கப்படுகிறது. பிறகு, "பார்த்தீர்களா, அவனுக்கு வராது" என்கிறார்கள். நீருக்குள் இறங்கவிடாமல் தடுத்துவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று நகைப்பது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டில் நிலை என்ன? 2017-ல் நாடாளுமன்றம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திற்று, வரவேற்கத்தக்கது. ஆனால் அந்தத் திருத்தத்தில் தந்தைக்கு ஒரு நாளேனும் சேர்க்கப்படவில்லை. நடுவண் அரசு ஊழியரான தந்தைக்கு உள்ள விடுப்பு 15 நாள். 26 வாரம் எங்கே, 15 நாள் எங்கே! தாய்க்கு அளித்த சலுகை என்று நாம் மகிழும் அதே சட்டம், குழந்தை தாயின் பொறுப்பு மட்டுமே என்று அறிவிக்கும் பட்டயமாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே, மணமேடையில் சமத்துவம் பேசும் இளைஞர்களுக்குச் சொல்வேன்: குழந்தை பிறந்தபின் அன்று, பிறக்குமுன்பே அமர்ந்து கணக்கிடுங்கள். இழக்கும் ஊதியத்தை எழுதுங்கள்; இழக்கும் பதவி உயர்வையும் எழுதுங்கள். பிறகு, காசால் எழுத முடியாத இரண்டையும் சேருங்கள்: தாயின் உடல்நலம், தந்தை குழந்தையை அறியும் உரிமை. பகிர்வு உரிமை உள்ள நாட்டில் வாழ்வோர், தாய் பணிக்குத் திரும்பும் வேளையில் ஒன்றிரண்டு வாரமேனும் இருவரும் சேர்ந்திருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். கைமாறுவது பொறுப்பு, பொட்டலம் அன்று. அந்த உரிமை இல்லாத நாட்டில் வாழ்வோர் அதைக் கேளுங்கள். தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். பெண்ணுக்காகக் கேட்கும் கோரிக்கை என்று ஒதுக்காதீர்கள். ஆணுக்கு மறுக்கப்பட்ட உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது.

துலாக்கோல் வேண்டும், அதில் அரிசியை நிறுக்கலாம், பொன்னை நிறுக்கலாம். ஆனால் தொட்டிலைத் தூக்கி அதன் தட்டில் வைக்காதீர்கள். தொட்டிலுக்கு வேண்டுவது இரு தட்டுகள் அல்ல, இரு சோடிக் கைகள்!